குலை வெட்டிய பின் நிற்கும் வாழைத்தடை: கூன்வண்டை ஒழிக்க குமரி விவசாயிகளுக்கு முழுமையான வழிகாட்டி

ஏத்தன் (நேந்திரன்) குலையை வெட்டி வண்டியில் ஏற்றியாயிற்று. தடை, அதாவது வாழையின் தண்டு மட்டும், விளையில் (தோட்டத்தில்) நிற்கிறது. கூலி ஆள் கிடைக்கும்போது வெட்டிக்கொள்ளலாம், அதுவாகவே அழுகிப் போகும் என்று விட்டுவிடுகிறோம். அடுத்த வருடம் ஐந்தாறு மாத வாழையில் தண்டு துளைபட்டு, கோந்து வடிந்து, காற்றடித்தால் நடுவில் ஒடிந்து விழும்போது மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். துளை போட்ட கூன்வண்டில் பெரும்பங்கு போன வருடத்துத் தடையில் நாமே வளர்த்தது.

பருத்தி விளையும் ஊர்களில் இது பழைய பாடம். சென்னை மாகாணத்தில் 1919-ல் வேளாண் பூச்சி, நோய்ச் சட்டம் வந்தது. அதைக் கொண்டு கோவைப் பக்கத்துக் கம்போடியா பருத்தியில், பறிப்பு முடிந்த மாரை (பருத்திச் செடியின் தண்டை) குறித்த தேதிக்குள் பிடுங்கியாக வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். மாரை நிற்கவிட்டால் பருத்தித் தண்டுக் கூன்வண்டும், எஞ்சிய காய்க்குள் ஒளிந்திருக்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் அடுத்த போகத்துக்கு நேராகக் கடந்து வரும் என்பதே காரணம். குமரி அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. நமக்குப் பருத்தியும் முக்கியப் பயிர் இல்லை. வாழைக்கு அப்படி ஒரு தேதியை யாரும் குறித்துத் தரப்போவதில்லை என்பதால் நாமே குறித்துக்கொள்ள வேண்டும்.

நாள் கணக்கு

வாழையைத் தாக்கும் தண்டுக் கூன்வண்டு, கிழங்குக் கூன்வண்டு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். வாழ்க்கை வேறு, ஒளியும் இடம் வேறு, ஒழிக்கும் வழியும் கொஞ்சம் வேறு.

தண்டுக் கூன்வண்டு கருப்பு அல்லது செம்பழுப்பு நிறம், அரை அங்குலத்துக்குச் சற்று கூடுதல் நீளம், முன்னால் வளைந்த மூக்கு. வாழைக்கு ஐந்து மாதம் ஆனதும் வரத் தொடங்கும். வெளிப்பட்டையில் குண்டூசி அளவு துளை போட்டு, பட்டைக்குள் இருக்கும் காற்றறையில் முட்டை வைக்கும். கால் இல்லாத வெள்ளைப் புழு உள்ளே சுரங்கம் போட்டுத் தின்று, நாரைச் சுற்றிக் கூடு கட்டி, அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகும். முட்டையிலிருந்து வண்டு வெளிவர ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் வரை ஆகும். இந்த வண்டு பறக்கும்.

கிழங்குக் கூன்வண்டு பெரும்பாலும் பறப்பதில்லை. இரவில் நடந்தே திரியும். மண்ணை ஒட்டிய கிழங்கிலும் தடையின் அடிப்பட்டையிலும் முட்டை வைக்கும். புழு கிழங்குக்குள் குடைவதால் மேலே துளை தெரியாது. இலை வெளுத்து, குலை சிறுத்து, மூட்டோடு சாய்ந்தால்தான் பலருக்குத் தெரியவருகிறது. வளர்ந்த வண்டு இரண்டு வருடம் வரை உயிரோடு இருக்கக்கூடியது. ஈரமண்ணில் உணவில்லாமலும் பல மாதம் தாக்குப்பிடிக்கும். அதனால் ஒரு மாதம் தரிசு போட்டால் செத்துப்போகும் என்று நம்ப வேண்டாம்.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று: புதிதாக வெட்டிய வாழைத்தடையின் வாசம் இவற்றை இழுக்கும். குலை வெட்டிய அன்று இரவே விருந்துக்கு அழைத்த மாதிரிதான். அந்த இரவு வைத்த முட்டை வண்டாக மாற எப்படியும் ஒரு மாதம் வேண்டும். அந்த ஒரு மாதம்தான் நம் கையில் இருக்கும் நேரம். கீழே சொல்லும் நாட்கள் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வந்தவை. ஏற்கெனவே புழு விழுந்த தடைக்கு இந்தச் சலுகைகூடக் கிடையாது. அதற்குள் முட்டை, புழு, கூடு, வண்டு எல்லாமே இருக்கும்.

குலை வெட்டும் முன்பே தொடங்குவது

ஐந்தாம் மாதத்திலிருந்து மாதம் ஒருமுறை காய்ந்த சருகையும் உரிந்து தொங்கும் வெளிப்பட்டையையும் அறுத்து எடுங்கள். வண்டு பகலில் பதுங்குவது அந்த இடுக்கில்தான். பச்சைப் பட்டையைச் சேர்த்து உரித்துவிடக் கூடாது. காயம் பட்ட இடம் வண்டுக்கு வசதி.

பட்டையை உரிக்கும்போதே தண்டைச் சுற்றிப் பாருங்கள். சிறு துளையும், அதன் கீழே பழுப்பு நிறத்தில் கோந்து போன்ற வடிப்பும் இருந்தால் அந்த மூட்டில் (வாழையின் அடியில்) சுண்ணாம்பால் ஒரு பட்டை அடித்து வையுங்கள். அறுவடை நாளில் எது நல்ல தடை, எது வண்டுத்தடை என்று கூலி ஆளுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. மட்டி, செந்துளுவன், ஏத்தன் என்று கலந்து வைத்திருக்கும் விளையில் ஏத்தனை முதலில் பாருங்கள். தண்டுக் கூன்வண்டு அதிகம் விரும்புவது அதைத்தான்.

குலை வெட்டிய அன்று

ஏக்கருக்கு ஆறடிக்கு ஆறடி இடைவெளியில் சுமார் 1200 மூடு வரும். தடை ஒன்றுக்கு 20 கிலோ என்று வைத்தாலும் 24 டன். இவ்வளவையும் ஒரே நாளில் அகற்ற முடியாது. அதனால் அன்று வெட்டிய குலைகளுக்கு அன்றே தடையை முடிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். குலை பிரித்துப் பிரித்து விளைவதால் ஒரு நாளில் நாற்பது ஐம்பது மூடுதான் வரும். அது கையாளக்கூடிய அளவு. ஓணச் சந்தைக்கு மொத்தமாக வெட்டும் ஏத்தன் விளையில்தான் குவிந்துபோகும். அங்கே குலை வெட்டும் கூலியைப் பேசும்போதே தடை வெட்டிப் பிளக்கும் கூலியையும் சேர்த்துப் பேசிவிட வேண்டும்.

முதலில் சுண்ணாம்பு அடையாளம் இல்லாத தடைகளை வெட்டுங்கள், பிறகு வண்டுத்தடைகளை. வெட்டிய வாயைப் பாருங்கள். வெள்ளையாக, ஈரமாக, ஓட்டையில்லாமல் இருந்தால் நல்ல தடை. பழுப்பு வளையமோ, விரல் நுழையும் சுரங்கமோ, புளித்த நாற்றமோ இருந்தால் அடையாளம் இல்லாவிட்டாலும் அது வண்டுத்தடையே.

தடையை இரண்டடித் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் நான்காகப் பிளக்க வேண்டும். குறுக்கே மட்டும் வெட்டிப் போட்டால் பயனில்லை. உருளைத் துண்டின் உள்ளே வாரக்கணக்கில் ஈரம் நிற்கும், புழு நிம்மதியாக வளர்ந்து முடிக்கும். நீளவாக்கில் பிளந்தால்தான் சுரங்கம் திறந்து, பட்டை பட்டையாக விரிந்து உலரும். பிளக்கும்போது வெளியே விழும் புழுவையும் வண்டையும் சோப்புத் தண்ணீர் வாளியில் பொறுக்கிப் போடுங்கள். கோழி விட்டால் அதுவே பொறுக்கிவிடும்.

வாழை மூடு: எவ்வளவு உயரத்தில் வெட்டுவது

இதில்தான் ஊருக்கு ஊர் தகராறு. தடையில் இருக்கும் சத்து பக்கக்கன்றுக்கு இறங்கும், அதனால் இரண்டடி விட்டு வெட்ட வேண்டும் என்பது ஒரு பக்கம். இது தவறில்லை, தோட்டக்கலைப் பரிந்துரையிலும் உண்டு. வண்டு இருக்கும் விளையில் அந்த இரண்டடி மூடுதான் முதல் தொட்டில் என்பது மறுபக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முடிவு இப்படி வரும்.

ஏத்தன் போல ஒரே போகத்தில் முடிக்கும் வாழைக்குக் கன்றை ஊட்டும் கவலையே இல்லை. மண்மட்டத்தில் வெட்டி, கிழங்கையும் தோண்டி எடுத்துவிடுங்கள்.

செந்துளுவன், மட்டி, பாளையங்கோட்டான் போல மறுதாம்புக்கு (பக்கக்கன்றையே அடுத்த போகமாக வளர்க்க) விடும் விளையில், துளையோ கோந்தோ ஒரு மூட்டில்கூட இல்லையென்றால் இரண்டடி விட்டுச் சாய்வாக வெட்டலாம். சாய்வு இல்லாவிட்டால் மேல்வாயில் மழைநீர் தங்கி அழுகும். அந்த மூடு 21 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. கன்றுக்கு இறங்க வேண்டியதில் ஒரு பங்கு அதற்குள் இறங்கியிருக்கும்; வைத்த முட்டை வண்டாகி வெளிவர நேரம் போதாது. 21-ஆம் நாள் மண்மட்டத்தில் அறுத்து, வெட்டுவாயின் மேல் அரையடி மண்ணை இழுத்து மிதித்து மூடுங்கள்.

விளையில் ஒரு மூட்டில் வண்டு தெரிந்தாலும் எல்லா மூட்டையும் முதல் நாளே மண்மட்டத்தில் வெட்டி மூடிவிட வேண்டும். கன்று கொஞ்சம் மெலியும். ஒரு கூடை தொழுவுரம் கூடுதலாகப் போட்டு அதைச் சரிக்கட்டலாம்; வண்டை அப்படிச் சரிக்கட்ட முடியாது. ‘பாதி மூட்டை விட்டுப் பார்க்கலாம்’ என்ற சமரசம் வண்டுக்கு மட்டும்தான் நல்லது.

கிழங்கு

பிக்காசால் சுற்றிக் கிளறி, மம்மட்டியால் வேரறுத்து, நெம்பி எடுக்க வேண்டும். எடுத்த கிழங்கை முழுசாக வரப்பில் உருட்டி வைப்பது மிகப் பரவலான தவறு. வாரக்கணக்கில் பச்சையாக இருக்கும், கண்ணிலிருந்து முளையும் விடும். நான்காகவோ ஆறாகவோ பிளந்து வெட்டுமுகம் மேலே இருக்கும்படி வெயிலில் பரப்புங்கள்.

ரசகதலி வாழையில் (பூசணத்தால் வரும்) வாடல் நோய் கண்ட மூடு இருந்தால் அதைத் தனியாக வையுங்கள். அந்தக் கிழங்கையும் மண்ணையும் வேறு இடத்துக்கு நகர்த்தாமல், தோண்டி எடுத்த இடத்திலேயே காயவைத்து எரித்து, குழியில் ஒன்று முதல் இரண்டு கிலோ சுண்ணாம்பு போடுங்கள். தோண்டிய மம்மட்டியைக் கழுவாமல் அடுத்த மூட்டுக்குப் போனால் பூசணமும் கூடவே போகும்.

தடையை எங்கே கொண்டுபோவது

நல்ல தடை சொத்து. சாம்பல்சத்து நிறைய உள்ள கழிவு. மாட்டுக்கு நறுக்கிப் போடலாம், நார் உரிக்கலாம், மக்க வைக்கலாம். ஆனால் தடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். தனியாகக் குவித்தால் சளசளவென்று அழுகி நாறுமே தவிர மக்காது. இரண்டு மூன்று அங்குலத் துண்டுகளாக நறுக்கி, அதே அளவு காய்ந்த சருகோ வைக்கோலோ கலந்து, அடுக்குக்கு ஒருமுறை சாணிக் கரைசல் தெளித்து, நான்கடி உயரத்துக்குக் குவியுங்கள். நடுவில் கை வைக்க முடியாத சூடு ஏற வேண்டும். ஓரத்தில் அந்தச் சூடு வராது. அங்கே இருக்கும் புழு பிழைக்கும். அதனால் 15 நாளுக்கு ஒருமுறை ஓரத்தை நடுவுக்குத் தள்ளிப் புரட்டுங்கள். மூன்று மாதத்தில் உரமாகிவிடும்.

வண்டுத்தடையை மக்குக் குவியலில் சேர்க்க வேண்டாம். இரண்டு வழி உண்டு. நல்ல வெயில் இருந்தால் பிளந்த பட்டையைக் களத்திலோ பாறையிலோ மெல்லிய படுகையாக நான்கைந்து நாள் காயவிட்டு, பிறகு எரிக்கலாம். பச்சையாக எரிக்கப் பார்த்தால் புகைதான் வரும், புழு சாகாது. ஆனி, ஆடியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் நம் மாவட்டத்தில் வெயிலை நம்ப முடியாது. அப்போது மூன்றடிக்கு மேல் ஆழமான குழியில் நறுக்கிப் போட்டு, இடையிடையே சுண்ணாம்பு தூவி, மேலே இரண்டடி மண் போட்டு மிதித்து இறுக்குங்கள். மேலாக அரையடி மண் தூவினால் வண்டு வெளியேறிவிடும். குழி தோண்ட முடியாத பாறை நிலமானால் கருப்பு பிளாஸ்டிக் தாளால் மூடி, நான்கு ஓரத்தையும் மண்ணுக்குள் புதையுங்கள். இரண்டு மாதம் திறக்கக் கூடாது.

செய்யக் கூடாதவை சில உண்டு. வண்டுத்தடையைப் பிளந்து அடுத்த வரிசை வாழைக்கே மூடாக்குப் போடுவது பலரும் நல்லெண்ணத்தோடு செய்யும் கேடு. கால்வாயிலும் ஓடையிலும் தள்ளிவிட்டால் மடையை அடைப்பதோடு வண்டையும் கீழ்மடைக்காரர் வயலுக்கு அனுப்புகிறோம். கோதையாற்றுத் தண்ணீர் ஒருவருக்கு மட்டும் ஓடுவதில்லை. கல்யாண வீட்டிலும் கோயில் விழாவிலும் குலைவாழை கட்டியபின் அந்தத் தடைகளைச் சாலையோரத்தில் வீசுவதும் இதில் சேர்ந்ததுதான். எந்த விளையிலிருந்து வந்த வாழை என்று யாருக்கும் தெரியாது. விழா முடிந்த மறுநாளே பிளந்து போடச் சொல்லுங்கள்.

மறந்துபோகும் மூடுகள்

விளை முழுதும் சுத்தம் செய்தும் வண்டு குறையவில்லை என்றால், பெரும்பாலும் வேலிக்கு அப்பால் பார்க்க வேண்டும். குமரியில் இதற்கு மூன்று இடங்கள் உண்டு. ஒன்று, இளம் ரப்பருக்கு இடையில் ஊடுபயிராக வைத்த வாழை. ரப்பர் நிழல் கட்டியதும் வாழையைக் கவனிப்பதை விட்டுவிடுவோம். மூடு மட்டும் நோஞ்சானாகப் பல வருடம் நிற்கும். இரண்டு, தென்னைக்கு நடுவிலும் கிணற்றடியிலும் குளியலறைத் தண்ணீர் போகும் இடத்திலும் தானாக நிற்கும் கூட்டம். மூன்று, புயலிலோ சூறைக்காற்றிலோ விழுந்து அப்படியே கிடக்கும் வாழை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது மாவட்டம் முழுக்க வாழை சாய்ந்து கிடந்தது நினைவிருக்கும். அப்படி ஒரு நாளில் குலையோடு விழுந்த வாழைக்கு இழப்பீட்டுக் கணக்கெடுப்பு முடியும்வரை கைவைக்கத் தயங்குவது நியாயம்தான். புகைப்படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரும் தோட்டக்கலை அலுவலரும் பார்த்ததும், அடுத்த மூன்று வாரத்துக்குள் பிளந்து முடித்துவிட வேண்டும்.

பராமரிப்பில்லாத மூட்டில் முடிக்கொத்து நோயும் தங்கும். இலை குறுகி, நுனியில் கொத்தாக நிமிர்ந்து நின்றால் அதுதான். இது வைரஸ், வாழை அசுவினி பரப்பும். இந்த மூட்டை மட்டும் பார்த்தவுடன் வெட்டாதீர்கள். வெட்டி அசைத்தால் அசுவினி பறந்து பக்கத்து மூட்டில் உட்காரும். முதலில் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கலந்து குருத்துக்குள்ளும் பட்டை இடுக்கிலும் நனைய அடித்து, ஒன்றிரண்டு நாள் பொறுத்து, அசுவினி செத்ததை உறுதிசெய்துகொண்டு, கன்று உட்படக் கிழங்கோடு தோண்டிப் பிளந்து புதையுங்கள். ஒரு கன்றைக்கூட ‘நல்லாத்தானே இருக்கு’ என்று விட்டுவைக்கக் கூடாது. ஒரே கிழங்கில் பிறந்த கன்று எல்லாவற்றிலும் நோய் இருக்கும்.

தடைப்பொறி

சுத்தம் செய்தபின் மிஞ்சும் வண்டு பசியோடு திரியும். பொறி வைக்க அதுதான் நேரம். வாழை செழித்து நிற்கும் விளையில் வைக்கும் பொறியைவிட, வெறும் விளையில் வைக்கும் பொறிக்கு வண்டு நன்றாக வரும்.

அன்று வெட்டிய நல்ல தடையில் இரண்டடித் துண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, வெட்டுமுகம் மண்ணைப் பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள். ஏக்கருக்கு 40 பொறி. வரப்பை ஒட்டியும், சுண்ணாம்பு அடையாளம் இருந்த இடத்திலும் நெருக்கமாக வைக்கலாம். பவேரியா பேசியானா பூசணத் தூள் கிடைத்தால் பொறிக்கு 20 கிராம் வீதம் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து வெட்டுமுகத்தில் பூசுங்கள். தொட்டுப் போன வண்டு வேறிடத்தில் போய்ச் சாகும். வெயிலில் கிடந்த பழைய பாக்கெட்டில் பூசணம் உயிரோடு இருக்காது, தேதி பார்த்து வாங்குங்கள். பூசணக்கொல்லி மருந்தை அதே வாரத்தில் அந்த இடத்தில் தெளித்தால் இதுவும் செத்துவிடும்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை காலையில் புரட்டிப் பார்த்து வண்டைப் பொறுக்குங்கள். எண்ணி எழுதி வைப்பது நல்லது; எண்ணிக்கை எந்த மூலையில் குறையாமல் இருக்கிறதோ அதற்குப் பக்கத்தில் கவனிக்காத மூடு ஒன்று இருக்கும். 14-ஆம் நாள் பொறியை எடுத்துப் பிளந்து காயவைத்து, புதியது வையுங்கள். வைத்துவிட்டு மறந்த பொறி, பொறியாக இருப்பதை விட்டு வண்டுப் பண்ணையாகிவிடும். தொடர்ந்து பார்க்க ஆளில்லை என்றால் பொறி வைக்காமல் இருப்பதே மேல்.

அடுத்த நடவு

ஏலாவுக்குள் (நெல் வயல்வெளிக்குள்) இருக்கும் வயல் என்றால் ஒரு போகம் நெல் போடுவதைப் போல நல்ல மருந்து இல்லை. கன்னிப்பூவோ கும்பப்பூவோ (நம் இரு நெல் போகங்கள்), தொளி கலக்கித் தண்ணீர் கட்டி நிறுத்தினால் மண்ணில் எஞ்சிய கிழங்குத் துண்டு அழுகும், வண்டுக்குப் புகலிடம் போகும், வாடல் பூசணமும் குறையும். தண்ணீர் கட்ட முடியாத மேட்டு விளையில் மரச்சீனியோ (மரவள்ளி) பயறோ ஒரு போகம் போட்டு, முளைத்து வரும் வாழைக் கன்றை எல்லாம் பிடுங்கிக்கொண்டே இருங்கள்.

கன்று வண்டில்லாத விளையிலிருந்து வர வேண்டும். கிழங்குக் கூன்வண்டு நடந்து போகும் தூரம் குறைவு. ஊர்விட்டு ஊர் போவது நாம் சுமக்கும் கன்றில்தான். ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையுள்ள ஈட்டிக்கன்றை எடுத்து, வேரையும் கிழங்கின் மேல்தோலையும் வெள்ளை தெரியும்வரை சீவுங்கள். பழுப்புக் கோடு உள்ளே போய்க்கொண்டே இருந்தால் அந்தக் கன்று வேண்டாம். சீவிய கிழங்கை 55 டிகிரி சூட்டு நீரில் 20 நிமிடம் முக்கினால் வேரிலுள்ள நூற்புழுவும் சாகும். வெப்பமானி இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். சூடு கூடினால் குருத்து வெந்துபோகும். நடும் குழிக்கு 250 கிராம் வேப்பம்புண்ணாக்கு போடுங்கள். சீவிப்போட்ட தோலும் வேரும்கூட எச்சம்தான். அதைக் குழியோரத்தில் விட்டுப் போகாமல் கூட்டி அள்ளிக் காயவைக்க வேண்டும்.

தண்டுக் கூன்வண்டு பறப்பதால் ஒருவர் மட்டும் சுத்தம் செய்தால் பாதிப் பலன்தான். ஒரு ஏலாவிலோ, ஒரே சாலைக்கு இருபுறமும் உள்ள விளைகளிலோ வாழை வைத்திருப்பவர்கள் கூடி ஒரு தேதி குறிக்கலாம். ஓணத்துக்கு வெட்டும் ஏத்தனுக்கு, கடைசிக் குலை போனதிலிருந்து மூன்று வாரத்துக்குள், அதாவது ஐப்பசி மழை பிடிக்கும் முன், எந்த விளையிலும் ஒரு தடையும் நிற்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். தடை நறுக்கும் இயந்திரத்தைத் தனியாக வாடகைக்கு எடுத்தால் கட்டுப்படியாகாது. பத்துப் பேர் அடுத்தடுத்த நாளில் எடுத்தால் வண்டிக்கூலியும் பிரியும், ஏக்கருக்கு 24 டன் தடையும் உரமாக அவரவர் விளைக்கே திரும்பும்.